4 ஹை விழுகிறது, 4 லோ மட்டும் அடம்பிடிக்கிறது

கேள்வி: என் பிக்கப் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. ஃபோர் வீல் டிரைவுக்குத் திருகு சுவிட்ச்தான். 2 ஹையிலிருந்து (பின் சக்கரங்கள் மட்டும் ஓட்டும் நிலை) 4 ஹைக்கு (நான்கு சக்கரமும், சாதாரண வேகம்) உடனே மாறுகிறது. மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் 4 லோவுக்குத் திருப்பினால் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 4 ஹை ஒழுங்காக விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஃபியூஸ், அந்தப் பெட்டியில் நிலையை மாற்றும் மோட்டாருக்குப் போகும் கரண்ட், முன் அச்சு இணைப்பு எல்லாம் அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

4 ஹைக்கு ஓட்டத்திலேயே மாறலாம். லோ அப்படியல்ல. அதில் உள்ளே தனியாக ஒரு பல்சக்கரத் தொகுதி சேர்கிறது. பல வண்டிகளில் வேகம் இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த மாற்றத்துக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. பற்கள் சுழலும்போது சேர்த்தால் நொறுங்கிவிடும். அதனால் வண்டி நின்றுவிட்டது, கியர் நியூட்ரலில் இருக்கிறது, சில வண்டிகளில் பிரேக்கில் கால் இருக்கிறது என்ற தகவல்கள் வந்து சேரும்வரை கண்ட்ரோல் யூனிட் மோட்டாரை அசைக்காது. அந்தக் காத்திருப்பைத்தான் பல நேரம் விளக்கு சிமிட்டிக் காட்டுகிறது.

முதலில் செய்ய வேண்டியது காது கொடுத்துக் கேட்பது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள்: லோவுக்கு மாறும் வழியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவே நியூட்ரலைத் தாண்டுகிறது, அங்கேயே நின்றுவிட்டால் கியர் 'பி'யில் (பார்க்) இருந்தாலும் வண்டி உருளும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் வைத்து 4 லோவுக்குத் திருப்புங்கள். உதவிக்கு ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் நின்று கேட்கட்டும். அடியில் படுக்கவே கூடாது.

சத்தமே இல்லையென்றால் மோட்டாருக்குக் கட்டளை போகவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் சந்தேகம் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் மேல்தான். 'பி'யில் ஸ்டார்ட் ஆகும் வண்டி நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகவில்லையா? அப்போது அந்த சுவிட்சோ கியர் கேபிளோ நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் கியர் 'என்', வேகம் பூஜ்யம் என்று வர வேண்டும். பேட்டரியையும் அளந்துவிடுங்கள், எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் நல்லது.

'கிர்' என்று மோட்டார் முனகியும் லோ விழவில்லை என்றால் கதை வேறு. பல்லோடு பல் முட்டி நிற்கலாம். கட்டைகளை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியை மெல்ல, 3 கிலோமீட்டர் வேகத்துக்குள் உருளவிட்டு மாற்றிப் பாருங்கள். உங்கள் வண்டியின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். காய்ந்த தார்ச்சாலையில் 4 ஹையில் போட்டுத் திருப்பியிருந்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கும். நேர்கோட்டில் சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால் அது தளரும்.

அதிலும் நடக்கவில்லையா? அப்போதும் பெட்டியை இறக்க வேண்டாம். பல வண்டிகளில் நிலையை மாற்றும் மோட்டார் வெளிப்பக்கம் சில போல்ட்டுகளில்தான் நிற்கிறது. மோட்டார் எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு அதைக் கழற்றச் சொல்லுங்கள். கனெக்டருக்குள் பச்சை படிந்திருக்கிறதா, மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். லோவை மாதக்கணக்கில் தொடாத வண்டிகளில் மோட்டார் இறுகிப் போவது சகஜம். மோட்டார் இருந்த இடத்தில் தண்டைக் கையால் திருப்பும்போது லோ விழுந்தால், உள்ளே பற்களை நகர்த்திச் சேர்க்கும் ஃபோர்க்கும் பற்களும் அநேகமாக நலம். கோளாறு மோட்டாரிலோ அதன் நிலை சென்சாரிலோதான். திருப்பவே முடியவில்லை, அல்லது வடித்த எண்ணெயில் உலோகத் துண்டுகள் வருகின்றன என்றால் மட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கச் சம்மதியுங்கள்.