கேள்வி பதில்: குளிர்காலத்தில் கொல்லைக் கோழிகள்

கேள்வி: எட்டுக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். போன குளிர்காலத்தில் கொட்டகையை நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடினேன். காலையில் திறந்தால் கூரையில் நீர் கோத்திருக்கும், கண் எரியும். சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. இத்தனை மூடியும் ஏன் இப்படி?

பதில்: மூடியதுதான் காரணம். கோழியின் உடல்சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நல்ல குளிரையும் தாங்கிவிடும். ஆனால் அதன் எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்; மூச்சிலும் ஈரம் வருகிறது. போக வழியில்லாத அந்த ஈரம் கொண்டையில் படிந்து, இரவுக் குளிரில் உறைந்து, சதையைக் கருக்குகிறது. கண் எரிந்தது எச்சத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவால். அதே காற்றைத்தான் கோழிகள் இரவெல்லாம் சுவாசித்திருக்கின்றன.

தார்ப்பாயைக் காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும், தரையிலிருந்து கோழி அடையும் கட்டைக்கு ஓரடி மேல்வரை கட்டுங்கள். கூரையை ஒட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் அரையடி உயரத்துக்குத் திறப்பு விட்டு, அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். பிறகு ஒரு மெல்லிய இறகை நூலில் கட்டி, கட்டையின் மட்டத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். ஆடினால் கீழே எங்கோ சந்து இருக்கிறது, தேடி அடைத்துவிடுங்கள்.

கட்டை உருண்டையாக வேண்டாம். 9 செ.மீ. அகலமுள்ள தட்டையான சட்டம் என்றால் விரல்கள் விரிந்திருக்கும், வயிற்று இறகு அவற்றை மூடிக்கொள்ளும். கோழிக்கு 25 செ.மீ. வீதம் உங்களுக்கு இரண்டேகால் மீட்டர் தேவை.

கறுத்த கொண்டையைத் தேய்க்கவோ வெட்டவோ கூடாது. தானே உலர்ந்து விழும். வீக்கமோ சீழோ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வெளியே வலை அடைப்புக்குள் எப்போதும் சேறு. வைக்கோல் போட்டும் பலனில்லை.

பதில்: வைக்கோல் இரண்டே நாளில் படிந்து, நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத் தூள் கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் தரையில் ரத்தக் கழிச்சல் கிருமியும் பெருகும். முதலில் நீர் வரும் வழியை நிறுத்துங்கள்: கூரைச் சொட்டுக்குத் தகரத் தாரை, மேட்டுப் பக்கத்தில் ஒரு சாண் ஆழ வாய்க்கால். மேல்சேற்றை வழித்தெடுத்துவிட்டு, முரட்டு மரச்சில்லுகளை 15 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். நீர் அவற்றின் இடுக்கில் இறங்கிவிடும். மரத்தூள் உதவாது, நனைந்தால் களியாகிவிடும். தரை காய்ந்திருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

கொட்டகைக்குள் உலர்ந்த மரச்சீவல் 10 முதல் 15 செ.மீ. போதும், வாரம் இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் என்று நீற்றிய சுண்ணாம்பைத் தூவாதீர்கள். காலும் கண்ணும் வெந்துவிடும்.

கேள்வி: சூட்டு விளக்கு மாட்டலாமா?

பதில்: இறகு முளைத்து வளர்ந்த கோழிக்கு வேண்டாம். உலர்ந்த கூளமும் இறகுத் தூசியும் நிறைந்த இடத்தில் விளக்கு கழன்று விழுந்தால் நொடியில் தீப்பிடிக்கும். நள்ளிரவில் மின்சாரம் போனாலோ, சூட்டுக்குப் பழகிய கோழி திடீர்க் குளிரில் துவண்டுவிடும்.

கேள்வி: முட்டை குறைந்துவிட்டது. தீவனத்தைக் கூட்டட்டுமா?

பதில்: முட்டை குறைவதற்குப் பெரும்பாலும் பகல் சுருங்குவதுதான் காரணம். முட்டையிட ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். விளக்கு போடுவதானால் விடியலுக்கு முன் எரியும்படி டைமர் வையுங்கள். மாலையில் எரிந்து திடீரென அணைந்தால் கோழிகள் கட்டையில் ஏற முடியாமல் தரையிலேயே தங்கிவிடும். இறகு உதிர்க்கும் கோழிகளை இப்படி முடுக்காதீர்கள். முட்டைக்குப் போகும் புரதம்தான் புது இறகுக்கும் போகிறது. 16 சதவீதப் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனம் கொடுத்துவிட்டு விடுங்கள். தண்ணீர் உறைகிறதா என்று காலையிலும் மதியமும் பாருங்கள். தண்ணீர் குடிக்காத கோழி தீவனத்தையும் தொடாது.