மறு: டொர்னாடோ கோடுகள் ஏன் ஆப்பிரிக்கா பக்கம் ஓடுது?

தம்பி, உங்க வரைபடத்தில் அமெரிக்க டொர்னாடோ (சுழற்காற்று) போன பாதையைக் காட்டும் கோடுகள் பல ஆப்பிரிக்கா பக்கம் கடலுக்குள் ஓடுது, லேப்டாப்பும் திணறுதுன்னு கேட்டிருந்தீங்க. நிரலில் தப்பில்லை. 1950-இலிருந்து பதிவான டொர்னாடோக்களைப் பட்டியலிடும், நீங்க எடுத்த சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பில், முடிந்த இடம் பதிவாகாத டொர்னாடோவுக்கு அட்சம், தீர்க்கம் ரெண்டும் 0. பூஜ்யம், பூஜ்யம்னா ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடா, அதான் கோடு அங்கே ஓடுது! அதையெல்லாம் கோடாக வரையாமல், தொடங்கிய இடத்தில் வெறும் புள்ளியாக வையுங்க. வலிமைக் கட்டத்தில் -9 இருந்தால் 'தெரியாது'ன்னு அர்த்தம். சாம்பல் நிறம் கொடுங்க, மிகக் குறைந்த வலிமையான 0-வோடு சேர்த்துடாதீங்க.

வரைபடம் காட்டும் நிரல் நூலகமான லீஃப்லெட்டில், கோடுகளை ஒரே கேன்வாஸில் வரையச் சொல்லும் 'ப்ரிஃபர்கேன்வாஸ்' (preferCanvas) அமைப்பைப் போட்டால் திணறல் குறையும். நானும் உங்களைப் போல மலேசியாவின் சுங்கை சிப்புட்தான், மழை பிடிச்சா தோட்டத்துப் பக்கம் இணைய லைன் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதனால கோப்பை ஆண்டுவாரியாகப் பிரிச்சு, ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் ஸ்லைடர் நகரும்போது அந்த ஆண்டை மட்டும் ஏத்துங்க.