நடைபாதை ஓரத்தில் முள்செடி எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. கெடிலம் ஆற்றங்கரை நடைபாதையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு நம்ம ஊர்ச் செடிகளை நட்டு வருகிறோம். தை மாதம் நட்டதில் பாதி கருகிவிட்டது. காரை, களா மாதிரி முள்செடி எதற்கு, குல்மோகர் வைத்தால் சீக்கிரம் நிழல் வருமே என்று நடக்க வருபவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகர், புதுப்பாளையம், கடலூர்

பதில்: முதலில் கருகியதைப் பார்ப்போம். தை மாதம் நட்டதுதான் காரணமாக இருக்கும். நம் கடற்கரைப் பக்கம் வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, தையில் நட்ட கன்று வேர் இறங்குவதற்குள் பங்குனி வெயிலில் மாட்டிக்கொள்ளும். புரட்டாசிக் கடைசியிலேயே நடுங்கள். ஆனால் ஆற்றில் வெள்ளம் வரும் என்பதால் தண்ணீரை ஒட்டிய சரிவில் நீர்மருது, புங்கன், நொச்சி மட்டும் போதும், மற்றதெல்லாம் மேட்டில்.

குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய மறுநாள் காலை தெருவில் இறங்கி நடந்தவர்களுக்கு, நிழலுக்கென்று வைத்த மரங்கள் எப்படிக் கிடந்தன என்று தெரியும். நம் மண்ணின் காடு உயரமான காடே இல்லை. குட்டை மரம், புதர், அதன்மேல் கொடி என்று நெருக்கி வளர்ந்து, கோடையிலும் பச்சையாக நிற்கிற காடு. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு உங்கள் ஆட்களை ஒருமுறை கூட்டிப் போங்கள், அங்கிருந்து எதையும் பறிக்க வேண்டாம், சும்மா உள்ளே நின்று பார்த்தாலே போதும். அந்த வெயில் நேரத்துக் குளிர்ச்சியை அனுபவித்தவர்கள் அப்புறம் குல்மோகர் கேட்பது சந்தேகம்தான்.

முள்ளைப் பற்றிக் கேட்டால், பழுத்த களாவைக் கையில் கொடுத்துவிடுங்கள். முள்ளுக்குள் கூடு கட்டினால் பூனை நெருங்காது என்று கொண்டைக்குருவிக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, குழந்தைகள் ஓடும் பாதை. அதனால் பாதையை ஒட்டி வெப்பாலை, நொச்சி, ஆவாரை, இரண்டு மூன்று எட்டு தள்ளிக் காரையும் களாவும் வைக்கலாம்.

இன்னொன்று, எங்களுக்கு நேர்ந்தது. புதுச்சேரியில் நாங்கள் நட்ட ஒரு வரிசை முழுவதையும் புல் வெட்டும் மெஷினோடு வந்தவர் களை என்று நினைத்து ஒரே காலையில் சீவிவிட்டார். பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை, முழங்கால் உயரக் காரைக்கன்று பார்க்கக் களை மாதிரிதான் இருக்கும். அன்றிலிருந்து கன்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி, அதில் பழைய சிவப்புப் புடவைக் கிழிசல். குல்மோகர் கேட்ட அந்தப் பெரியவர்களிடம் ஆளுக்கொரு குச்சியைக் காட்டி, வரும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வரச் சொல்லுங்கள், கோடையில் கன்று பிழைப்பது அதில்தான். காய்ந்த சருகை எரிக்காமல் தூரைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

கேள்வி: வெட்டிய சீமைக்கருவேலம் மறுபடி துளிர்க்கிறதே?
– அதே வாசகர்

பதில்: துளிர்க்கத்தான் செய்யும். மழையில் மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் தூரோடு பெயர்த்தெடுங்கள். பெரிய மரத்துக்கு ஜேசிபிதான் வழி, ஆனால் அது கரையைக் கலைத்துவிடும் என்பதால் ஆற்றோரத்தில் வேண்டாம், மாதம் ஒருமுறை துளிரை ஒடித்துக்கொண்டே இருங்கள். காயை ஆடு மாடு தின்றால் விதை சாணியோடு வேறு இடத்துக்குப் போய்விடும், அதனால் காய்க்கும் முன்பே கைவைப்பது நல்லது.

கேள்வி: நாங்கள் நட்ட ஆதொண்டைக் கொடியில் இலையெல்லாம் புழு. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். ஆதொண்டை இலையைத் தின்றுதான் சில வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வளர்கின்றன, அந்தப் புழுக்களாகத்தான் இருக்கும். கொடி மொட்டையானாலும் மறுபடி தழைக்கும். காலையில் போனால் கொடியிலோ பக்கத்துக் குச்சியிலோ கூட்டுப்புழு தொங்குகிறதா என்று பாருங்கள்.