ஊட்டி தாவரவியல் பூங்காவை ஜனவரியில் பார்க்கலாமா, மே மாதம்தான் வர வேண்டுமா?

மலர்க் கண்காட்சிக்கு வர முடியவில்லை, ஜனவரியில் குடும்பத்தோடு வருகிறோம், பூங்காவில் பார்க்க ஏதாவது இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், தாராளமாக வாருங்கள். பூ குறைவுதான். ஆனால் மே மாதக் கூட்டத்தில் கண்ணுக்கே படாத பல விஷயங்கள் அப்போதுதான் கிடைக்கும்.

என் பெரியம்மா அங்கே நாற்றங்காலில் பல வருடம் வேலை பார்த்தவர். மே மாதம் மலர் மாடத்தில் அடுக்கியிருக்கும் சால்வியா, பெட்டூனியா, பான்சி எல்லாம் குளிர்காலத்திலேயே விதைத்து, நாற்றெடுத்து, தொட்டிக்கு மாற்றி வளர்த்தவை. அந்த நேரத்தில்தான் உறைபனியும் விழும். மேகமில்லாத இரவு என்றால் விடிகாலையில் பெரிய புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். அதன் மேல் அப்படியே வெயில் அடித்தால் புல் கருகிவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். பூச்செடிகளின் மேல் மிலார் செடிகளை வெட்டி வந்து குடை போலக் கவிழ்த்து வைப்பார்கள். இதை அறியாதவர்கள், காய்ந்த தழையை ஏன் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டபடி கடந்து போவார்கள். அதன் பக்கத்தில் குனிந்து உள்ளே பாருங்கள். வெளித்தழையில் பனி ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கும் இலை பச்சையாக, ஈரமாக நிற்கும். பெரியம்மாவின் விரல் நுனிகள் அந்த மாதங்களில் வெடித்தே இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போவார்.

அப்புறம் பறவைகள். கூட்டம் வருவதற்கு முன் மேல்பக்கம் சோலையை ஒட்டிய புதர்களுக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். யாரோ கலகலவென்று சிரிப்பது போலக் கேட்டால் அது நீலகிரி சிரிப்பான். வெள்ளைப் புருவம், செம்பழுப்பு நெஞ்சு. இந்த மலையை விட்டு உலகில் வேறெங்கும் வாழாத பறவை. அதிர்ஷ்டம் இருந்தால் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் தென்படும். காஷ்மீரில் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு இங்கும் இலங்கை மலைநாட்டுக்கும் வருகிற சின்னஞ்சிறு குருவி அது. ஆணுக்குக் கழுத்திலிருந்து நெஞ்சு வரை செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. மே மாதம் வந்தால் அதைப் பார்க்கவே முடியாது, கிளம்பிப் போயிருக்கும்.

மரங்களுக்கு மாதக் கணக்கே இல்லை. 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக் கலைஞர் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து, தொட்டபெட்டா சரிவில் இருந்த சதுப்பையும் காட்டையும் பத்து வருடம் போல உழைத்துத் தோட்டமாக மாற்றினார். இதற்குச் சற்று முன்புவரை வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு காய்கறி பயிரிட்ட இடம் இது. இன்று 55 ஏக்கர். குரங்கு ஏற முடியாத மரம், 2 கோடி ஆண்டு பழைய கல்மரம் (கல்லாகவே மாறிப்போன மரம்), பெரணி இல்லம் மூன்றையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இத்தாலியப் பூங்காவை அந்த மாதத்தில் விட்டுவிடலாம், பாத்திகள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும்.

பூவும் வேண்டும், கூட்டமும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு வரலாம். ஜனவரிதான் என்றால் கையுறை, குல்லாய் எடுத்துக்கொண்டு, கேட் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் பனி கரைந்துவிடும்.