ஸ்டெம் படிப்புக்குக் கடன் வாங்கலாமா? முதல் சம்பளத்தை வைத்து அளந்து பாருங்கள்

கேள்வி: என் மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். கணக்கு நன்றாக வரும். இரண்டு இடம் கைவசம் இருக்கிறது. ஒன்று, தனியார் கல்லூரியில் கணிப்பொறிப் பொறியியல். கட்டணம் முழுவதற்கும் கல்விக் கடன் வாங்க வேண்டும். இன்னொன்று, பொதுக் கல்லூரியில் புள்ளியியல். கட்டணம் அதில் கால்பங்குதான், மாத வருமானத்திலேயே சமாளித்துவிடலாம். "ஸ்டெம் படிப்பு என்றால் போட்ட காசு எப்படியும் திரும்பி வந்துவிடும், யோசிக்காதே" என்கிறார் என் அண்ணன். கணவரோ கடனே வேண்டாம், ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்ததை எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார். அவர் ஓய்வுபெற இன்னும் 12 ஆண்டு இருக்கிறது. மகளைக் கேட்டால் இரண்டும் பிடிக்கும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

– ஒரு வாசகி

பதில்: முதலில் உங்கள் அண்ணன் சொன்னதைப் பார்ப்போம். ஸ்டெம் என்பது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்குக்கும் ஆங்கிலத்தில் உள்ள முதல் எழுத்துகளைக் கோத்த பெயர். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 1990-களில் அதே எழுத்துகளை வேறு வரிசையில் வைத்து 'ஸ்மெட்' என்றுதான் சொல்லிவந்தது. கேட்க நன்றாக இல்லை என்று 2001 வாக்கில் வரிசையை மாற்றினார்கள். அலுவலகத்தில் கோப்புக்கு மேல் ஒட்டும் சீட்டு மாதிரியான பெயர் அது. அந்தச் சீட்டை நம்பிக் கடன் வாங்க முடியாது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? புள்ளியியலும் ஸ்டெம்தான். ஆக, உங்கள் முன்னால் இருக்கும் இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு அண்ணனின் அறிவுரை பதிலே சொல்லவில்லை.

அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பல நாடுகளின் சம்பளக் கணக்குகளைப் பார்த்தால் பொறியியல், கணிப்பொறி படித்தவர்களின் தொடக்கச் சம்பளம் மற்றப் பட்டதாரிகளைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு எழுத்துக்கும் ஒரே விலை கிடையாது. உயிரியலில் முதல் பட்டத்தோடு நிற்பவருக்கும் கணிப்பொறியில் முதல் பட்டம் வாங்கியவருக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி இருக்கும். உயிரியலில் நல்ல வருமானம் பெரும்பாலும் மேற்படிப்பு முடித்த பிறகுதான் வரும். அந்த மேற்படிப்புக்கும் காசு வேண்டும், வருடங்களும் போகும். அதனால் "ஸ்டெம் லாபமா" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இந்தப் படிப்பு, இந்தக் கல்லூரி, இந்தக் கட்டணம்" என்று கேட்போம்.

சரி, கடனுக்கு வருவோம். கட்டணத் தொகையை நீங்கள் எழுதவில்லை. மொத்தக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம், ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25 வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்தில் எதுவும் கட்ட வேண்டாம் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 25-க்கு நான்கு வருட வட்டி, அடுத்த 25-க்கு மூன்று வருட வட்டி என்று தனிவட்டியாகவே போட்டாலும், மகள் பட்டம் வாங்கும் நாளில் 100 என்பது 125 ஆகியிருக்கும். அந்த 125-ஐ 10 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 1.65. பத்து வருடம் முடியும்போது கட்டியிருப்பது 198.

100 வாங்கி 198 கட்டுகிறோம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், தவணை அட்டவணையை அச்சடித்துத் தரச் சொல்லி முதல் வரியைப் பாருங்கள். முதல் மாதத் தவணை 1.65-ல் வட்டிக்கே 1.04 போய்விடும், அசலில் குறைவது 0.61-தான். என்னிடம் வருகிறவர்களிடம் இந்த ஒரு வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவேன். பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

தவணை பாரமாக இருக்கிறதே, 15 வருடமாக நீட்டித்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். நீட்டினால் மாதத் தவணை 1.34 ஆகக் குறையும், மொத்தம் 242 ஆக ஏறும். அதற்குப் பதில் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால், எல்லாம் சேர்த்து 184-க்குள் முடிந்துவிடும். முடிந்தவர்கள் இதைச் செய்யுங்கள்.

இந்தக் கடனைத் தாங்க முடியுமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பட்டம் வாங்கும் நாளில் உள்ள மொத்தக் கடன், எதிர்பார்க்கும் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் கடன் 125. முதல் வருடச் சம்பளமும் 125 என்றால் மாதம் 10.4 வரும், தவணை அதில் ஆறில் ஒரு பங்கு. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் முடியும். சம்பளம் வருடத்துக்கு 60 என்றால் மாதம் 5-தான். தவணை மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வீட்டு வாடகை, போக்குவரத்து போக மிச்சம் எதுவும் நிற்காது. அப்புறம் பிடிக்காத வேலையைக்கூட விட முடியாது.

அந்த முதல் சம்பளம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லூரிக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சம்பளத்தை மறந்துவிடுங்கள். அது வகுப்பிலேயே அதிகம் வாங்கிய ஒரு பிள்ளையின் சம்பளம். சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 40, ஒருவருக்கு மட்டும் 440 என்றால் சராசரி 80 ஆகிவிடும். அந்த 80-ஐ வாங்கிய பிள்ளை வகுப்பிலேயே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது நடுமதிப்பு, அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்பது. முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றும் கேளுங்கள். "தகுதிபெற்றவர்களில் 95 சதவீதம்" என்று ஆரம்பித்தால், அந்தத் தகுதிப் பட்டியலுக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்றைய சம்பளத்தைப் பார்த்து நான்கு வருடம் கழித்து வரும் சம்பளத்தை முடிவு செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. போன முறை நல்ல விலை போன பயிரையே இந்த முறை ஊர் முழுக்கப் போட்டால் அறுவடையின்போது விலை என்ன ஆகும்? பொறியாளர் சந்தையிலும் இதுதான் நடக்கிறது என்று ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளியலாளர் 1976-லேயே எழுதினார். சம்பளம் ஏறும்போது மாணவர்கள் குவிகிறார்கள். அவர்கள் படித்து வெளியே வரும்போது சந்தை நிரம்பிவிடுகிறது, சம்பளம் இறங்குகிறது, சேர்வோர் குறைகிறார்கள், மறுபடி தட்டுப்பாடு. தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான நாஸ்டாக், 2000 மார்ச்சில் உச்சத்தில் இருந்தது; அது 2002 அக்டோபருக்குள் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. உச்சத்தைப் பார்த்துக் கணிப்பொறிப் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் அந்தச் சரிவுக்குப் பிறகுதான் பட்டத்தோடு வெளியே வந்தார்கள். துறை பிறகு நன்றாகவே மீண்டது. ஆனால் துறை மீளும்வரை தவணைத் தேதி காத்திருக்காது.

ஏஐ வந்து இந்த வேலையெல்லாம் போய்விடும் என்று ஒரு கூட்டமும், இனிமேல்தான் வேலையே என்று இன்னொரு கூட்டமும் சொல்கின்றன. இரண்டில் எதை நம்பியும் பத்து வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் டெமிங், கதீம் நோரே என்ற இருவர் அமெரிக்கப் பட்டதாரிகளின் சம்பளத்தை ஆராய்ந்தார்கள். கணிப்பொறி, பொறியியல் போன்ற பயன்பாட்டுப் படிப்புகளுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம், வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து வருடத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது என்று கண்டார்கள். சம்பளமே இறங்குகிறது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். மற்றவர்களைவிட முன்னால் நின்ற தூரம் குறைகிறது, அவ்வளவுதான். காரணம், வேலைக்கு வேண்டிய திறமைகளே மாறிக்கொண்டிருப்பது. கல்லூரியிலிருந்து புதிதாகக் கற்றுக்கொண்டு வருபவர், பத்து வருடப் பழைய திறமை வைத்திருப்பவரை எட்டிப்பிடித்துவிடுகிறார்.

ஃப்ளாஷ் என்ற மென்பொருள் நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் இணையத்தில் அசைந்ததெல்லாம் அதில் செய்தவைதான். அதில் கைதேர்ந்தவர்களுக்கு நல்ல சம்பளம். 2020 டிசம்பர் 31-உடன் அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. மறுபக்கம், வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1805-ல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இருக்கிறது. சிதறிக் கிடக்கும் அளவீடுகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் வழி அது. உங்கள் மகள் புள்ளியியல் எடுத்தாலும் சரி, கணிப்பொறி எடுத்து, தரவிலிருந்து கணிப்பொறியே கற்கும் இயந்திரக் கற்றலுக்குப் போனாலும் சரி, அதைப் படிக்காமல் தப்ப முடியாது. இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃப்ளாஷ் மாதிரி காலாவதியாகும் கருவிகள், மீச்சிறு வர்க்கம் மாதிரி நிலைத்து நிற்கும் அடிப்படைகள் என்ற இரண்டு வகையில் எது எவ்வளவு இருக்கிறது என்று மகளையே குறிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் பெயர்களாகவே நிரம்பிய பாடத்திட்டம் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

கடன் 10 வருடம், சம்பளத்தில் கிடைக்கும் கூடுதலும் அதே 10 வருடத்தில் கரைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கடனை முதல் ஐந்தாறு வருடத்திலேயே அடைத்தாக வேண்டும் என்பது புரியும். தவணையை நீட்டாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு வட்டி மட்டும் காரணம் இல்லை.

யாரும் கணக்கில் சேர்க்காத ஓர் ஆபத்தும் இருக்கிறது: பாதியில் நின்றுபோவது. என் உறவில் ஒரு பையன். கடன் வாங்கிச் சேர்க்கலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். சம்பளம், வட்டி எல்லாம் போட்டுப் பார்த்தேன், அவனுக்கு அந்தப் பாடம் ஓடுமா என்று மட்டும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டான். பட்டம் இல்லை, ஆனால் கடன் இருந்தது. இப்போதெல்லாம் முதலாண்டுக் கணிதத்தின் பழைய வினாத்தாள் ஒன்றை வாங்கி, பிள்ளையிடம் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொல்கிறேன். விடை வர வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கட்டத் தோன்றுகிறதா என்று பார்த்தால் போதும்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். கடனுக்குப் பயப்படுவது நல்ல குணம். ஆனால் அவர் எடுக்கப் போவதும் ஒரு வகையில் கடன்தான். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் இன்று எடுக்கும் 100, அவர் ஓய்வுபெறும்போது 250 ஆகியிருக்கும். அந்த 250-ஐ அப்போது யார் தருவார்கள்? மகள்தான் தர வேண்டிவரும், அதுவும் அவளுக்கே குடும்பம், குழந்தை என்று செலவு கூடும் வயதில். அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அதுவே அவளுக்கும் நல்லது.

என் முடிவு இதுதான். தனியார் கல்லூரி கொடுக்கும் நடுமதிப்புச் சம்பளம், பட்டம் வாங்கும் நாளின் கடனுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்து, அந்தக் கணக்கை அங்கே படித்து முடித்த இரண்டு மூன்று பேரும் உறுதிப்படுத்தினால், கணிப்பொறிப் பொறியியலைத் தாராளமாக எடுக்கலாம். கடனை மகள் பெயரில் வாங்குங்கள், படிக்கும்போதே வட்டியை நீங்கள் கட்டிவாருங்கள். சம்பளம் அந்த அளவை எட்டவில்லை என்றால் புள்ளியியலில் சேருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் மனம் புள்ளியியல் பக்கம்தான் சாய்கிறது. கணக்கு வரும் பிள்ளை, கடன் இல்லை, நிரல் எழுதப் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் முதல் வேலை கிடைக்கக் கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும், தொடக்கச் சம்பளமும் குறைவாக இருக்கலாம். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முதல் சம்பளத்தைக் கேட்டு நான்கு வருடம் கழித்து அவள் வருத்தப்படக் கூடாது.

புள்ளியியல் என்று முடிவானால் இன்னொரு வேலை இருக்கிறது. கணிப்பொறிக் கடனை வாங்கியிருந்தால் படிக்கும் காலத்தில் கட்டியிருக்க வேண்டிய வட்டி வருடத்துக்குச் சராசரியாக 6.25. அதையே அவள் பெயரில் தொடர் வைப்பில் போட்டுவாருங்கள். நான்கு வருடத்தில் 25-க்கு மேல் சேர்ந்திருக்கும். மேற்படிப்புக்கோ, வேலையில் சேர்ந்து ஆறேழு வருடத்தில் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளவோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நடுமதிப்புச் சம்பளம் கையில் கிடைத்ததும், உண்மையான கட்டணத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். 100 என்று வைத்துப் போட்ட கணக்கை உங்கள் தொகைக்கு மாற்றித் தருகிறேன்.