வைஃபைக்குப் பயந்து பணத்தைச் சீட்டில் போடலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைத்து மொத்தமாகக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். துணி எடுக்க மாதம் இருமுறை ஈரோடு போவேன். சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது இலவச வைஃபையில் நெட்பேங்கிங் திறந்து வியாபாரிக்கு முன்பணம் அனுப்புவது வழக்கம். போன வாரம் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் வந்து டெபிட் கார்டு எண் கேட்டது. பயந்து மூடிவிட்டேன். கணக்கில் 4 லட்சம் ரூபாய், அதே வங்கியில் மகள் கல்யாணத்துக்கு 3 லட்சம் ரூபாய் வைப்பு நிதி இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துத் தெரிந்தவர் நடத்தும் ஏலச்சீட்டில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பதிவு செய்யாத சீட்டு முறிந்தால் கையில் ஒரு ரசீதுகூட மிஞ்சாது. பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தை மூடியதுதான் உங்களைக் காப்பாற்றியது. இலவச இணைப்புக்குக் கைபேசி எண்ணும் ஓடிபியும் போதும், கார்டு எண் எதற்கு? பக்கத்து இருக்கையில் இருப்பவர்கூடத் தன் ஹாட்ஸ்பாட்டுக்கு நிலையத்தின் பெயரையே வைக்கலாம். உங்கள் கைபேசி பெயரைக் காட்டுமே தவிர, நடத்துபவர் யார் என்று காட்டாது. வங்கியின் உண்மையான தளத்துக்குப் போகும் தகவல் மறைகுறியாக்கப்பட்டே போகிறது, அதை வழியில் படிப்பது எளிதல்ல. அதனால்தான் மோசடிக்காரர்கள் உங்களைப் போலிப் பக்கத்துக்கு இழுக்கிறார்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இருப்பதால் மட்டும் அந்தத் தளம் உங்கள் வங்கியுடையது ஆகிவிடாது. ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள். வெளியில் இருக்கும்போது பணம் அனுப்ப உங்கள் சிம்மின் டேட்டாவை மட்டும் பயன்படுத்துங்கள்.

என் பெரிய கவலை வேறு. 7 லட்சம் ரூபாயும் ஒரே கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. நெட்பேங்கிங்கில் நுழைந்தவர், பல வங்கிகளில் வைப்பு நிதியையும் அங்கேயே முறித்துச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட முடியும். கல்யாணப் பணம் அப்படித்தான் போகும். ஆகவே வேறொரு வங்கியில் கொள்முதலுக்கென ஒரு கணக்கு திறங்கள். அதே வங்கி என்றால் பெரும்பாலும் எல்லாம் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் வந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் தேவையான தொகையை மட்டும் அதில் போட்டு, யுபிஐயையும் அதனுடன் மட்டும் இணையுங்கள். பழைய கணக்கில் நாளொன்றுக்கு அனுப்பும் வரம்பைக் குறைத்துவிடுங்கள். வைப்பு நிதியை ஆன்லைனில் முறிக்க முடியாதபடி தடுக்க வழி உண்டா என்று கிளையில் நேரில் கேளுங்கள்.

தெரியாமல் பணம் போனால் நேரம்தான் முக்கியம். உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நட்டம் உங்களுடையதல்ல. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டிவரும். ஆனால் ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போனது முழுவதும் உங்கள் தலையில்தான்.

இன்று இரவே வீட்டிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். கைபேசியில் சேமித்திருக்கும் அந்த வைஃபை பெயரையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அது தானாகவே சேர்ந்துவிடும். ஈரோட்டு முன்பணத்தைக் கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள்.