எதிர்க்கரைப் பறவைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பறவைகளை அடையாளம் காணப் பழகிவருகிறேன். மரத்துப் பறவைகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. நீர்ப்பறவைகள்தான் படுத்துகின்றன. என் 8 மடங்கு பைனாகுலரில் எதிர்க்கரையில் வெள்ளையாக ஒன்று, கறுப்பாக ஒன்று, அவ்வளவுதான் தெரிகிறது. புத்தகமோ கால் நிறம், அலகு நிறம் என்கிறது. 60 மடங்கு ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வாங்கினால் சரியாகிவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

ஸ்கோப் நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் வெயில் ஏறிய பிறகு 60-ல் வைத்தால் பறவையோடு கானலும் சேர்ந்து பெருகும். 25, 30-க்கு இறக்கினால்தான் உருப்படியாக ஏதாவது தெரியும். விடிந்ததும் போவதும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்பதும் செலவில்லாத வழி.

அப்புறம், நிறத்தை நம்புவதைக் குறைக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். சின்னக் கொக்கின் மஞ்சள் பாதம் சேற்றுக்குள் கிடக்கும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடுவதுண்டு. கழுத்தைப் பாருங்கள். பெரிய கொக்கின் கழுத்து நீண்டு, நடுவில் முறிந்ததுபோல வளைந்திருக்கும். உண்ணிக்கொக்குக்குக் கழுத்து குட்டை, தாடை தடிப்பு. இடைக்கொக்குதான் தகராறு. வாய்க்கோடு, அதாவது அலகு பிளக்கும் கோடு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இடைக்கொக்கு, கண்ணைத் தாண்டிப் போனால் பெரியது. அதை எதிர்க்கரையிலிருந்தே பார்த்துவிட்டதாக யாராவது சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பறந்தால் வேலை சுலபம். கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும், கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் நீட்டிப் பறக்கும்.

கறுப்பாகத் தெரிபவற்றை நடத்தையே காட்டிக்கொடுத்துவிடும். நீர்க்காகம் உடல் பாதி அமிழ, அலகை மேல்நோக்கிச் சாய்த்து நீந்தும். நாமக்கோழி எழும்புவதற்குத் தண்ணீர்மேல் தடதடவென ஓடும். சேற்றுப் பறவைகளும் இப்படித்தான்: உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான்களில் பல குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். இதற்கு உங்கள் பைனாகுலரே போதும், பொறுமைதான் வேண்டும்.

தனியாக நிற்கும் பறவையின் அளவை மட்டும் ஊகிக்காதீர்கள். பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வந்து நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ‘ஏதோ ஓர் உள்ளான்’ என்று பதியவும் இடமுண்டு, நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். சேற்றில் நிற்கும் நீள அலகுப் பறவை கருவால் மூக்கனா, பட்டைவால் மூக்கனா என்று குழம்பினால் அது எழும்பும்வரை காத்திருங்கள். இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டையும் கறுப்பு வால்முனையும் தெரிந்தால் கருவால். எழும்பவே இல்லையா, சரி, இரண்டில் ஒன்று என்றே பதிந்துவிடுங்கள்.